எலும்பா, பெட்டியா, சாமியா? புத்தர் தாதுப் பேழை பற்றி எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங்கில் நான் கணக்கு எழுதும் இரும்புச் சாமான் கடைக்கு எதிர்ச்சந்தில் ஒரு சீன பௌத்தக் கோயில் இருக்கிறது. விசாக தினத்தையொட்டி அங்கே புத்தரின் தாதுப் பேழை ஒன்றை மூன்று நாள் வைத்திருந்தார்கள். எங்கள் தவுக்கே, அதாவது கடை முதலாளி, கோயில் கமிட்டியில் இருப்பவர். தமிழர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், நீ நின்று விளக்கிச் சொல் என்று என்னை வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் படித்தும் அங்கிருந்த பிக்குவிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை எல்லாம் சேர்த்து இங்கே போடுகிறேன். நான் மதம் மாறியவள் இல்லை, முருகனைக் கும்பிடுகிறவள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், அதையும் நாலு பேர் கேட்டார்கள்.

அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது?

தாது. நமக்குத் தாது என்றால் பூமிக்கடியில் தோண்டுவதோ, நாட்டு மருந்துக் கடை லேகியமோதான் ஞாபகம் வரும். பௌத்தத்தில் தாது என்றால் புத்தரையோ அவருடைய பெரிய சீடர்களையோ எரித்த பிறகு மிஞ்சிய எலும்பு, பல், அதோடு முடி, நகம் இவையெல்லாம். எங்கள் ஊருக்கு வந்தது ஒரு சாண் உயரப் பொன்முலாம் பூசிய சின்னத் தூபி (ஸ்தூபி, தாதுவை உள்ளே வைத்துக் கட்டும் மேட்டின் வடிவம்), நடுவில் கண்ணாடி, கண்ணாடிக்குள் ஒரு படிகக் கிண்ணம், அதில் குருணை அரிசி அளவில் சில மணிகள். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று ஒரு தம்பி முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. தப்பில்லை, எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

தாதுவை அவர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். உடம்பிலிருந்து மிஞ்சியது சாரீரிகம். அவர் பயன்படுத்திய பொருள், அதாவது பிச்சைப் பாத்திரம், ஆடை, இருக்கை, அடியில் உட்கார்ந்த அரசமரம், இதெல்லாம் பாரிபோகிகம். அவரை நினைவுபடுத்துவதற்காகச் செய்து வைப்பது, சிலை மாதிரி, உத்தேசிகம். வரிசையில் நின்ற ஒரு பாட்டியிடம் இதைச் சொன்னபோது, தன் வீட்டுக்காரர் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கத்தியை இன்னும் துணியில் சுற்றி சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார். அவர் இறந்து பதினோரு வருடமாம். "அப்போ அது ரெண்டாவது வகையா?" என்று கேட்டார். நான் அன்றைக்கு விளக்கியதில் இவ்வளவு சட்டென்று பிடித்துக்கொண்டவர் வேறு யாருமில்லை.

செத்தவர் எலும்பு தீட்டு இல்லையா? வீட்டுக்குப் போய்த் தலை முழுக வேண்டுமா?

அதிகம் கேட்கப்பட்டது இதுதான், அதுவும் பெரியம்மாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். சுருக்கமான பதில்: வேண்டாம். அவர்கள் கணக்கில் இது தீட்டே இல்லை, இதைவிடச் சுத்தமான பொருள் கோயிலில் வேறு கிடையாது.

நீளமான பதில் கொஞ்சம் இழுக்கும். நாம் காட்டுக்குப் போய் எலும்பு பொறுக்கி, பால் தெளித்து, சாம்பலை ஒரு சட்டியில் கட்டிக்கொண்டு தஞ்சோங் டாவாய் பக்கம் போய்க் கடலில் கரைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருகிற ஆட்கள். போனவர் போகட்டும், இங்கே எதிலும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்பது நம் வழக்கம். எலும்பை எடுத்து வைத்துக்கொண்டு பூப்போடுவது அதற்கு நேர் எதிர். புத்தர் காலத்து இந்தியாவிலும் பெரும்பாலோருக்குப் பிணமும் எலும்பும் தீட்டுதான், அந்த ஊரிலேயே இவர்கள் எலும்பை ஊர் நடுவில் மேட்டுக்குள் வைத்து விளக்கேற்றினார்கள் என்றால் அது சின்ன விஷயமில்லை.

ஆனால் நாம் ஒன்றும் முழுக்க வேறு ஆட்கள் இல்லை. சித்தர் ஜீவசமாதி என்றால் கிளம்பிவிடுகிறோம், பழனிக்குப் போனால் போகர் சமாதியைப் பார்க்காமல் வருவதில்லை. சோழர்கள் இறந்த அரசர்களுக்குப் பள்ளிப்படைக் கோயில் கட்டினார்கள். மலாக்காவில் செயின்ட் பால் குன்றின் மேல் பள்ளிச் சுற்றுலாவில் காட்டுவார்களே ஒரு வெறும் குழி, 1553இல் பிரான்சிஸ் சேவியரின் உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோகும் முன் சில மாதம் அங்கேதான் வைத்திருந்தார்கள். பினாங்கு சூலியா ஸ்திரீட் நாகூர் தர்காவுக்கு இந்துக்களும் போகிறோம். அந்த மகானின் அடக்கம் தமிழ்நாட்டு நாகூரில், பினாங்கில் இருப்பது அவர் நினைவுக்காகக் கட்டியது. அதாவது மேலே சொன்ன மூன்றாவது வகை. இவ்வளவுக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு இங்கே வந்து தீட்டு என்றால் எப்படி?

எரித்த ஒருவருடைய எலும்பு எப்படி இத்தனை நாட்டில் இருக்கிறது?

புத்தர் இறந்தது குசிநாராவில். எரித்து முடித்ததும் அந்த ஊர் மல்லர்கள் எலும்பு எங்களுக்கே என்றார்கள். மகத அரசன் அஜாதசத்து, வைசாலி லிச்சவிகள், கபிலவஸ்து சாக்கியர்கள் என்று ஏழு தரப்பு பங்கு கேட்டு வந்தது, கொடுக்காவிட்டால் சண்டை என்கிற நிலை. துரோணர் என்ற பிராமணர் நடுவில் புகுந்து, பொறுமையைப் போதித்தவருடைய உடம்புக்காக அடித்துக்கொள்வதா என்று பேசிச் சமாதானம் செய்து, எட்டுப் பங்காக அளந்து கொடுத்தார். அளந்த பாத்திரத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். தாமதமாக வந்த மோரியர்களுக்கு மிஞ்சியது சிதைக் கரிதான், அதையும் கொண்டுபோய்த் தூபி கட்டினார்கள். ஆக எட்டுத் தூபி எலும்புக்கு, ஒன்று பாத்திரத்துக்கு, ஒன்று கரிக்கு, மொத்தம் பத்து.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தப் பாத்திரம்தான். எலும்பைத் தொட்ட சட்டிக்கே ஒரு தூபி!

பின்னால் அசோகர் இந்தப் பழைய தூபிகளைத் திறந்து, எடுத்ததைப் பங்கிட்டு 84,000 தூபிகள் கட்டியதாகச் சொல்வார்கள். ராமகாமத்தில் இருந்த ஒன்றை மட்டும் நாகர்கள் காவல் காத்ததால் தொட முடியவில்லையாம். 84,000 என்பதை எண்ணிப் பார்த்த கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், நாம் ஆயிரங்கால் மண்டபம் என்று சொல்வது மாதிரிதான்.

பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி என்று ஏன் வைக்கிறார்கள்?

இதைக் கேட்டது நாலாம் வகுப்புப் பையன். பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை.

பேழைக்குச் சிங்களத்தில் கரண்டுவ என்று பெயர். நம் பாட்டிமார்கள் வெற்றிலைப் பெட்டியில் வைத்திருந்த சுண்ணாம்புக் கரண்டகம் ஞாபகமிருக்கிறதா, இரண்டும் ஒரே சொல்தான். மதிப்பான பொருள் சின்னதாக இருந்தால் அதைச் சுற்றிச் சுற்றித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. உள்ளே போகப் போக உலோகத்தின் விலை ஏறும், வெளியே கல்லோ மரமோ, பிறகு செம்பு, வெள்ளி, பொன், கடைசியில் படிகம் என்கிற மாதிரி. எல்லா இடத்திலும் இதே வரிசை என்றில்லை. சீனாவில் பாமென் கோயில் கோபுரம் 1981இல் பாதி இடிந்து விழுந்தது, 1987இல் அடியில் தோண்டியபோது தாங் வம்சக் காலத்து நிலவறை ஒன்று அப்படியே கிடைத்தது. அங்கே ஒரு விரல் எலும்பு ஒன்றுக்குள் ஒன்றாக 8 பெட்டிக்குள் இருந்தது. இலங்கையில் கண்டிக் கோயிலில் உள்ள புத்தரின் புனிதப் பல்லும் தூபி வடிவில் செய்த 7 பேழைகளுக்குள்தான் இருக்கிறது.

பழைய பேழைகளில் பார்க்க அழகானது என்றால் பிமரான் பேழை. ஆப்கானிஸ்தானில் ஜலாலாபாத் பக்கத்தில் 1830களில் சார்ல்ஸ் மாசன் எடுத்தது, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொன்னில் செய்து சிவப்புக் கல் பதித்தது, கைக்குள் அடங்கும். சுற்றி வளைவு மாடங்கள், மாடத்துக்குள் புத்தர், இரண்டு பக்கமும் பிரம்மாவும் இந்திரனும். புத்தரை மனித உருவில் காட்டிய மிகப் பழைய உருவங்களில் ஒன்று ஒரு எலும்புப் பெட்டியின் மேல் இருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். பெஷாவர் பக்கம் 1908-09இல் கிடைத்த கனிஷ்கர் பேழையில் மூன்று எலும்புத் துண்டுகள் இருந்தன. அவற்றை பர்மாவில் மண்டலேக்குக் கொடுத்துவிட்டார்கள், பேழை பெஷாவர் அருங்காட்சியகத்திலேயே நின்றுவிட்டது. எலும்பு கோயிலுக்கு, பெட்டி மியூசியத்துக்கு!

அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதில் வேறு. உள்ளே இருப்பதைப் பார்ப்பது முக்கியமில்லை தம்பி, இருக்கிறது என்று தெரிந்து நிற்பதுதான் முக்கியம். கண்டி பெரஹரா ஊர்வலத்தில் யானை மேல் போவது நிஜப் பல்லே இல்லை, பேழையின் மாதிரிதான். அதற்கே தெருவெல்லாம் எழுந்து நின்று கும்பிடுகிறது. மூடிய பெட்டிக்குள் கட்டிய பெரிய பெட்டிதான் தூபியும். இலங்கையில் தூபியைத் தாகபா என்பார்கள், தாதுகர்ப்பம் என்கிற சொல் தேய்ந்து வந்தது. கர்ப்பகிருகம் என்று நாம் சொல்கிறோமே, அதே கர்ப்பம்.

இதெல்லாம் நிஜமா? சும்மா சொல்கிறார்களா?

சிலது நிஜமாக இருக்க நல்ல வாய்ப்பு, சிலது சந்தேகம், சிலது நிச்சயமாக இல்லை. எல்லாவற்றையும் ஒரே தராசில் போட முடியாது.

நம்பும்படியான ஒன்று என்றால் பிப்ராவா. நேப்பாள எல்லைக்குப் பக்கத்தில், 1898 ஜனவரியில், பர்ட்பூர் எஸ்டேட்டை நடத்திய வில்லியம் பெப்பே தன் நிலத்திலிருந்த மேட்டைத் தோண்டினார். தோட்டத் துரை தோண்டியது என்றதும் இங்கே எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே பெரிய கல்பெட்டி, அதில் ஐந்து சிறு பாத்திரங்கள், ஒன்று படிகம், மூடிக்கு மீன் வடிவக் கைப்பிடி, எலும்போடு கலந்து நூற்றுக்கணக்கில் மணிகளும் பொன் பூக்களும். ஒரு பாத்திரத்தில் பிராமி எழுத்தில், இது சாக்கியர்களின் பகவான் புத்தருடைய தாது என்ற பொருளில் வெட்டியிருந்தது. எலும்புகளை ஆங்கில அரசு சயாம் அரசர் சூலாலங்கோர்னிடம் கொடுத்தது, அவர் பர்மாவுக்கும் இலங்கைக்கும் பங்கு அனுப்பினார்.

இன்னொரு பக்கம், 1560இல் போர்த்துக்கீசியர்கள் யாழ்ப்பாணத்தைத் தாக்கியபோது ஒரு பல்லைக் கைப்பற்றிக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பர்மாவின் பெகு அரசர் பெரும் பணம் தருகிறேன் என்று கேட்டும் கொடுக்காமல், பேராயர் அதை உரலில் இடித்து எரித்து ஆற்றில் கொட்டினார். இலங்கையில் கேட்டால், அவர்கள் கொண்டுபோனது நிஜமில்லை, நிஜத்தை ஒளித்து வைத்திருந்தோம் என்பார்கள். சிங்கப்பூர் சைனாடவுன் கோயிலில் உள்ள பல்லைப் பற்றி 2007இல் பல் நிபுணர்கள், இது மனிதப் பல்லே இல்லை, மாட்டுப் பல் மாதிரி இருக்கிறது என்று சொல்லப் பெரிய பேச்சாகிப்போனது. கோயில் அதை நம்பிக்கை என்று விட்டுவிட்டது, கூட்டம் குறையவில்லை.

பாமென் கோயிலில் இன்னொரு விசித்திரம். மொத்தம் நான்கு விரல் எலும்புகள் கிடைத்தன. ஒன்று நிஜம், மற்ற மூன்றும் நிழல் எலும்பு என்கிறார்கள், நிஜத்தைக் காப்பாற்றச் செய்து வைத்தவை. ஆனால் நிழலையும் குறைவாக நடத்துவதில்லை. நம் ஊர் உற்சவமூர்த்தியை நினைத்துக்கொண்டால் இது அவ்வளவு குழப்பமாக இருக்காது.

எதிர்த்தவர்களே இல்லை என்று நினைக்காதீர்கள். 819இல் இதே விரல் எலும்பைத் தாங் பேரரசர் அரண்மனைக்கு வரவழைத்தபோது, ஹான் யூ என்ற அதிகாரி, செத்த எலும்பை எதற்கு அரண்மனைக்குள் விடுகிறீர்கள் என்று மனு எழுதினார். தலை தப்பியது, தெற்கே சாவ்சோவுக்குத் துரத்திவிட்டார்கள். சாவ்சோ என்பது இங்குள்ள சீனர்களில் ஒரு பிரிவான தியோச்சூக்காரர்களின் பூர்வீகம், அங்கே அவருக்கு இன்றும் கோயில் இருக்கிறது. எங்கள் தவுக்கேயும் தியோச்சூதான். இதை அவரிடம் சொன்னபோது, "அதனால்தான் எங்க அப்பா இந்தக் கோயிலுக்கு நன்கொடையே கொடுக்கலை" என்றார், விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்னும் பிடிபடவில்லை.

முத்து மாதிரி இருக்கிறதே, எலும்பு மாதிரி இல்லையே? வளருமாமே?

பெரிய துறவிகளை எரித்த சாம்பலில் கண்ணாடி மணி, முத்து மாதிரி உருண்டைகள் கிடைக்கும், அதுவும் தாதுதான் என்பது பரவலான நம்பிக்கை, சீனர்களிடம் ரொம்ப அதிகம். பக்தியாக வைத்தால் எண்ணிக்கை கூடும், தண்ணீரில் மிதக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பிக்குவிடம் கேட்டேன், அவரும் பதில் சொல்லாமல் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார்.

புத்தர் தன்னைக் கும்பிடச் சொன்னாரா?

புத்தரின் கடைசி நாட்களில் சீடர் ஆனந்தர், உங்கள் உடம்பை என்ன செய்வது என்று கேட்கிறார். அந்தப் பூசையில் பிக்குகள் நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டாம், உங்கள் பயிற்சியைப் பாருங்கள், அதைப் பார்த்துக்கொள்ள இல்லறத்தார் இருக்கிறார்கள் என்பது பதில். ஆனால் அதே பேச்சில் நாற்சந்தியில் தூபி கட்டச் சொல்கிறார், அங்கே பூவோ வாசனையோ வைத்து வணங்கி மனம் தெளிகிறவர்களுக்கு நெடுநாள் நன்மை உண்டு என்றும் வருகிறது. தூபிக்குத் தகுந்தவர் பட்டியலில் சக்கரவர்த்தி அரசரும் இருக்கிறார்.

ஆகவே வேலை நடப்பது எலும்பில் இல்லை, அதன் முன் நிற்கிறவர் மனதில் என்பது நான் புரிந்துகொண்டது. வெறும் ஞாபகம்தானே என்று சுருக்கிவிடவும் முடியாது. தூபி இருக்கும் இடத்தில் புத்தரே இருப்பதாக நினைத்துத்தான் சுற்றி வருகிறார்கள், பழைய காலத்தில் பிக்குகளே தங்கள் சாம்பலைப் பெரிய தூபிக்குப் பக்கத்தில் சின்னத் தூபியாக வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், செத்த பிறகும் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று. 2025 ஏப்ரலில் கண்டியில் 16 வருடம் கழித்துப் பல்லைப் பொதுமக்கள் பார்க்க வைத்தபோது ஜனம் வரிசையில் தெருவிலேயே படுத்துக் கிடந்தது. வெறும் ஞாபகத்துக்கு யாரும் அப்படிக் கிடப்பதில்லை.

என்ன வேண்டிக்கொள்ளலாம்? நம்பர் கிடைக்குமா?

லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டு வந்தவர் மூன்று பேர். இல்லை அங்கிள், கிடைக்காது.

வேண்டுதலை யாரும் தடுக்கவில்லை. பேழையை பிக்கு நம் தலையில் வைத்து எடுப்பார், சடாரி வைப்பது மாதிரியே, அந்த நேரத்தில் மனதில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

வரிசையில் எப்படி நடந்துகொள்வது?

செருப்பைக் கழற்றுங்கள், வலம் வாருங்கள், பூ, விளக்கு, ஊதுபத்தி போதும். தேங்காய் உடைக்க இடமில்லை, கற்பூரம் வேண்டாம், திரைச்சீலை பக்கத்திலேயே தொங்குகிறது. மாதவிலக்கா என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

இதில் தமிழனுக்கு என்ன சம்பந்தம்?

நிறைய. மணிமேகலையில் மணிபல்லவத் தீவில் புத்தருடைய பாதபீடிகையைத் தொழுததும் மணிமேகலைக்கு முற்பிறப்பு தெரிகிறது. அது இரண்டாம் வகைத் தாதுதான், பால் வெட்டும் கத்தி வகை. காஞ்சிபுரத்தில் அசோகர் கட்டியதாகச் சொல்லப்பட்ட சுமார் நூறடி உயரத் தூபி இருந்ததாகச் சீன யாத்திரிகர் சுவான்சாங் எழுதி வைத்திருக்கிறார்.

பொலன்னறுவையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு நிற்கிறது, 12ஆம் நூற்றாண்டு, விஜயபாகு அரசர் காலமான பிறகு வெட்டியது. வேளைக்காரர் என்ற படைவீரர்கள் புனிதப் பல் இருந்த கோயிலைத் தங்கள் காவலில் எடுத்து, அதன் ஊர்களையும் ஊழியர்களையும் அங்கே அடைக்கலம் புகுந்தவர்களையும் காப்போம் என்று சபதம் எழுதியிருக்கிறார்கள். கோயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி. பல்லைக் காத்தது தமிழ்ப் படை என்றால் இன்றைக்குத் தமிழர், சிங்களவர் இரண்டு பக்கமும் கொஞ்சம் நெளிவார்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் மதுரை நாயக்கர் வழி, இளமைப் பெயர் கண்ணுசாமி. கண்டியில் பல் இருக்கும் கோயிலான தலதா மாளிகைக்கு முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் எண்கோண மண்டபம் அவர் கட்டியது. 1815இல் பிடிபட்டு வேலூர்க் கோட்டையிலேயே இறந்தார்.

நம் கெடாவுக்கும் பங்கு உண்டு. கடாரம் என்பது கெடாவின் பழைய பெயர், அந்தக் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்ட, ராஜராஜ சோழர் அதற்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தார், 1006 வாக்கில். அந்தச் செப்பேடு பிற்காலத்தில் நெதர்லாந்தின் லைடனுக்குப் போய்ச் சேர்ந்தது. மகன் ராஜேந்திரன் 1025இல் அதே கடாரத்தின் மேல் படையெடுத்தார் என்பது வேறு கதை. செபராங் பிறையில் 1834இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்லில் குடையடுக்குகளோடு ஒரு தூபி செதுக்கியிருக்கிறது, 5ஆம் நூற்றாண்டு, புத்தகுப்தன் என்ற மாலுமி வெட்டி வைத்தது. கல் இப்போது கல்கத்தாவில்.

மெர்போக் மியூசியத்தில் இருக்கும் கல்பெட்டியும் இதே வகையா?

காரில் போனால் பக்கம்தான், போய்ப் பாருங்கள். புக்கிட் பத்து பகாட் சண்டியில் (பழங்காலக் கோயிலில்) கிடைத்த கல் பேழைகளில் செம்புப் பாத்திரம், மணிகள், பொன் இவை இருந்தன. சிலர் இதையும் தாதுப் பேழை என்று சொல்கிறார்கள். ஆனால் அது சிவன் கோயில், உள்ளே யாருடைய எலும்பும் இல்லை. நம் தோட்டத்து மாரியம்மன் கும்பாபிஷேகத்தில் பீடத்துக்கு அடியில் நவரத்தினமும் பொன்னும் போடுகிறோமே, ஒரு அக்கா அழுதுகொண்டே மூக்குத்தியைக் கழற்றிப் போட்டாரே, அந்த வகை.

ஆன்லைனில் நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறார்களே, வாங்கி வீட்டில் வைக்கலாமா?

வாங்காதீர்கள். அந்த விலைக்கு வருவது கண்ணாடி மணி. விலை ஏறினாலும் நிலைமை மாறப்போவதில்லை. பிப்ராவா மணிகளில் ஒரு பங்கு பெப்பே குடும்பத்திடமே தங்கியிருந்தது, 2025 மே மாதம் ஹாங்காங்கில் சோதபீஸ் அதை ஏலம் விட இருந்தார்கள். இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது, எலும்போடு சேர்த்துப் புதைத்த காணிக்கையை எப்படி நகை மாதிரி விற்பீர்கள் என்று பௌத்தர்கள் பல நாடுகளில் கேட்டார்கள், ஏலம் நின்றது. ஜூலையில் இந்தியத் தொழில் குடும்பமான கோத்ரெஜ் தரப்பு வாங்கிக்கொள்ள, 127 வருடம் கழித்து அந்த மணிகள் இந்தியாவுக்குத் திரும்பின.

எங்கள் கோயிலில் பேழைக்குக் கட்டணம் கிடையாது, உண்டியலைக்கூட அடுத்த அறையில்தான் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் பிக்கு அதை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார். சீட் பெல்ட்டை அதற்கு மேல் போடுவதா கீழே போடுவதா என்று தவுக்கேயும் டிரைவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.